அட்லாண்டாவில் மூன்று நாள்

ஊர் பார்க்கப் புறப்படுவோர் இரு வகையினர். பட்டியலோடு போகிறவர்கள் ஒரு வகை. கேள்வியோடு போகிறவர்கள் மற்றொரு வகை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் அட்லாண்டாவுக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை பட்டியலோடு போனேன். இரண்டாம் முறை கேள்வியோடு போனேன். முதற் பயணத்தில் நான் செய்த பிழையைச் சொன்னால், அந்நகரில் மூன்று நாள் தங்கி வர எண்ணுவோர்க்கு அது பயன்படும் என்று கருதியே இன்று பேச முற்படுகிறேன்.

முதற் பயணத்தில் என் தமக்கையார் உடன் வந்தார். முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மார்ட்டின் லூதர் கிங்கின் வரலாற்றை ஆண்டுதோறும் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தவர். "எனக்கு வேறொன்றும் வேண்டாம், தம்பி. அவர் பிறந்த வீட்டுக்குள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும்" என்றார். "அதற்கென்ன, அக்கா" என்று சொல்லி, அந்த வீட்டை என் பட்டியலில் பதினோராவது இடமாக எழுதிக்கொண்டேன்.

அட்லாண்டாவைச் சுற்றி வட்டமாக ஒரு பெருஞ்சாலை ஓடுகிறது. வாடகை மலிவு என்று அதற்கு வெளியே விடுதி பிடித்தேன். விளைவு, நாள்தோறும் காலையும் மாலையும் வண்டி நெரிசலில் கழிந்தன. பார்த்த இடங்கள் பல. மனத்தில் நின்றவை சில. கிங் பிறந்த வீட்டு வாசலை நாங்கள் அடைந்தபோது மூன்றாம் நாள் பிற்பகல் ஆகிவிட்டது. அந்த வீட்டுக்குள் வழிகாட்டியுடன் சிறு சிறு குழுவாகத்தான் அனுப்புவார்கள். அன்றைய அனுமதிச் சீட்டுகளெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டன. மறுநாள் விடியுமுன் எங்களுக்கு விமானம். அக்கா நடைபாதையில் நின்று அந்த வீட்டின் திண்ணையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசலையாவது பார்த்தேனே" என்று சொல்லித் திரும்பினார். ஒரு சொல் கடிந்துகொண்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவர் கடிந்துகொள்ளவில்லை.

இனி, முறையாகத் திட்டமிடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஊரின் பிறப்பை அறிந்துகொள்ள வேண்டும். பெருநகரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பிறக்கின்றன. அட்லாண்டா இருப்புப்பாதையின் முனையில் பிறந்தது. 1837இல் ஒரு ரயில்பாதை முடியும் இடமாகக் குறிக்கப்பட்டதால், 'முடிவிடம்' என்று பொருள்படும் 'டெர்மினஸ்' என்பதே அதன் முதற் பெயர். பிறகு மார்த்தாஸ்வில் ஆயிற்று; 1845இல் அட்லாண்டா ஆயிற்று. பாதைகள் பல வந்து கூடியதால் ஊர் வளர்ந்தது. அக்காரணத்தாலேயே உள்நாட்டுப் போரில், 1864ஆம் ஆண்டு, தளபதி ஷெர்மனின் படை அதைக் கைப்பற்றித் தீக்கிரையாக்கியது. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையை நகரம் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது.

ஆனால் நெருப்பிலிருந்து எழுவது ஒன்று; தன் அநீதியிலிருந்து எழுவது மற்றொன்று. எரிந்த கட்டடங்களைச் சில ஆண்டுகளில் கட்டிவிடலாம். நிறத்தால் மனிதரைப் பிரித்து வைத்த ஊர் அந்தப் பிரிவினையை எங்ஙனம் விட்டது, எவ்வளவு விட்டது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் மூன்று நாளுக்குரிய திட்டம் தானே அமைந்துவிடும்.

விமான நிலையத்தின் பெயரிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. உலகிலேயே மிகுதியான பயணிகள் வந்து போகும் நிலையம் என்ற பெயரைப் பல ஆண்டுகளாகப் பெற்று வருவது அது. ஹார்ட்ஸ்ஃபீல்ட், ஜாக்சன் என்னும் இரண்டு மேயர்களின் பெயர்களைத் தாங்கியது. இவருள் மேனார்ட் ஜாக்சன் 1973இல் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அந்நகரின் முதல் கறுப்பின மேயர் அவரே. நிலையத்துக்குள்ளேயே ரயில் நிற்கிறது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் நகரின் நடுவே இறக்கிவிடும். ஆகவே, சற்று வாடகை கூடினாலும், அந்த ரயில் பாதையை ஒட்டி, நகர் நடுவிலோ மிட்டவுன் பகுதியிலோ தங்குவதே அறிவுடைமை. மற்றோர் எச்சரிக்கை: 'பீச்ட்ரீ' என்ற பெயர் கொண்ட தெருக்கள் அங்கே எழுபதுக்கு மேல் உண்டு. முகவரியை முழுமையாக எழுதிக்கொள்ளாதவர் வேறொரு பீச்ட்ரீயில் போய் நிற்பார். கோடையில் வெப்பத்தோடு புழுக்கமும் சேரும். ஏப்ரலும் அக்டோபரும் நடந்து பார்க்க ஏற்ற மாதங்கள்.

முதல் நாள் காலை, வேறெங்கும் போகாமல், ஆபர்ன் அவென்யூவுக்குச் செல்லுங்கள். மேயர் ஜாக்சனின் தாய்வழிப் பாட்டனாரான ஜான் வெஸ்லி டாப்ஸ் இத்தெருவை 'இனிய ஆபர்ன்' என்று அழைத்தார். வெள்ளையர் கடைகளில் சமமாக நடத்தப்படாத மக்கள் தமக்கென்று கடைகளும் செய்தித்தாளும் காப்பீட்டு நிறுவனமும் இத்தெருவில் உண்டாக்கிக்கொண்டனர். அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலால் பொருளீட்டிய அலோன்ஸோ ஹெர்ண்டன் என்பவரே 1905இல் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். பின்னாளில் ஒரு பெருஞ்சாலை தெருவை இரண்டாக வெட்டிக்கொண்டு மேலே சென்றது. அதன் அடியில் நடந்து அப்பால் போகும்போது, அந்த வெட்டின் வலி இன்னும் தெரியும்.

501ஆம் எண் வீட்டில், 1929 ஜனவரி 15ஆம் நாள், கிங் பிறந்தார். மரத்தாலான இரண்டடுக்கு வீடு. சிறிது தூரத்தில் அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அவரும் ஊழியம் செய்த எபனேசர் தேவாலயம். 1968இல் கிங் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1974இல் அவருடைய அன்னையார் இந்தத் தேவாலயத்திலேயே, ஞாயிறு வழிபாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது, சுடப்பட்டு இறந்தார். இதை அறிந்து உள்ளே அமர்கிறவர்கள் விரைவில் எழுந்துவிட மாட்டார்கள். அருகே நீர்த்தடாகத்தின் நடுவில் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் அடக்கமாகியிருக்கின்றனர். இவற்றையெல்லாம் காணக் கட்டணம் கிடையாது.

அந்த வளாகத்தில் நம் காந்தியடிகளின் சிலை ஒன்று, கையில் கோலோடு, நடக்கும் கோலத்தில் நிற்கிறது. அது அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. கிங் பயின்ற மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரும் அவருடைய ஆசானுமான பெஞ்சமின் மேஸ், 1936ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்து அடிகளைக் கண்டு உரையாடியவர். 1959இல் கிங்கும் கொரெட்டாவும் ஏறத்தாழ ஒரு மாதம் நம் நாட்டில் சுற்றினர், சென்னைக்கு வந்தனர், குமரிமுனையில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டனர். நாட்டை விட்டுப் புறப்படுமுன் கிங் விடைபெறும் உரையொன்றை அகில இந்திய வானொலிக்கு அளித்தார். வானொலியில் பேச அமர்ந்திருக்கும் இவ்வேளையில் அதை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இரண்டாம் நாள் ஒலிம்பிக் பூங்காவின் பக்கம். 1996இல் நடந்த விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைந்தது அது. அதைச் சுற்றி 2005இல் திறந்த மீன் காட்சியகமும், கோகோ கோலாவின் காட்சிக்கூடமும், 2014இல் திறந்த மனித உரிமைக் காட்சியகமும் உள்ளன. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். குழந்தைகளோடு செல்வோர் மீன்களைப் பார்க்கட்டும். 1886இல் பெம்பர்ட்டன் என்னும் மருந்து வணிகர் கண்டுபிடித்து, ஒரு குவளை 5 சென்ட் என்று மருந்துக் கடையில் விற்ற பானத்தின் கதை சுவையானதே. எனினும் மனித உரிமைக் காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். நான் சென்றபோது அங்கே ஒரு சிற்றுண்டி மேசை இருந்தது. அதில் கைகளை ஊன்றிக் கண்மூடி அமர்ந்து, காதொலிக் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். உணவகங்களில் சம உரிமை கேட்டு அமர்ந்த மாணவர்கள் கேட்ட வசைகளும் மிரட்டல்களும் செவியில் விழும். என்னால் இரண்டு நிமிடம் கூட அமர முடியவில்லை. 1960இல் இதே நகரின் பெருங்கடை ஒன்றில் அவ்வாறு அறப்போர் நடத்தியபோதுதான் கிங் சிறைப்பட்டார்.

அன்று மாலை நேரம் இருந்தால், மார்கரெட் மிட்செல் தம் புகழ்பெற்ற நாவலை எழுதிய வீட்டைக் காணலாம். அந்நாவலின் திரைப்படம் 1939 டிசம்பரில் இந்நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதில் நடித்துப் பின்னர் ஆஸ்கர் பரிசு பெற்ற கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டானியல் அந்த விழாவுக்கு வர இயலவில்லை. நிறப் பிரிவினைச் சட்டம் தடுத்தது. அதையொட்டி நடந்த நடன விருந்தில், அடிமைகளின் உடையணிந்து எபனேசர் தேவாலயப் பாடகர் குழு பாடிற்று. அக்குழுவில் இருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மார்ட்டின் லூதர் கிங்.

மூன்றாம் நாள் நகரை விட்டுச் சுமார் 16 மைல் கிழக்கே, ஸ்டோன் மவுண்டன் என்னும் கருங்கற் குன்றுக்குச் செல்லலாம். லியாண்டர் பயஸ் 1996இல் நமக்கு வெண்கலப் பதக்கம் வென்று தந்த டென்னிஸ் களம் அக்குன்றின் பக்கத்தில்தான் இருந்தது. குன்றின் முகத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தலைவர் மூவரின் உருவங்களைப் பெரிதாகச் செதுக்கியிருக்கின்றனர். அந்த வேலை முடிந்த ஆண்டு 1972. கிங் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். நீர் நடுவே ஒரு கல்லறை; மலை முகத்தில் மூன்று குதிரை வீரர்கள். இரண்டும் ஒரே பயணத்துக்குள் அடங்குகின்றன. என் கேள்விக்கு நகரம் தரும் விடை, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் எங்கோ இருக்கிறது.

உணவைப் பற்றி ஒரு சொல். தென்னாட்டாரின் மக்காச்சோளக் குருணைக் கஞ்சி நமக்குப் புதிதன்று. ஆனால் கீரை என்று நம்பி மரக்கறி உண்போர் கேளாமல் வாங்கலாகாது. அதைப் பன்றி இறைச்சியோடு வேகவைப்பது அங்கே வழக்கம். டெக்கேட்டர் பகுதியில் இந்தியக் கடைகளும் உணவகங்களும் உண்டு.

இரண்டாம் முறை நான் தனியே போனேன். அக்காவுக்கு நெடும்பயணம் இயலாத வயதாகிவிட்டது. இம்முறை முதல் நாள் காலையிலேயே ஆபர்ன் அவென்யூவில் நின்றேன். ஆனால் 2023 நவம்பர் முதல் அந்த வீடு செப்பனிடும் பணிக்காக மூடப்பட்டிருந்தது. செல்வோர் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். நானோ, உள்ளே நின்று அக்காவிடம் பேச வேண்டும் என்ற ஆவலில் அதைக் கூட விசாரிக்காமல் போய்விட்டேன். நடைபாதையிலிருந்தே தொலைபேசியில் அழைத்தேன்.

"கதவு திறந்திருக்கிறதா, தம்பி?" என்றார்.

"இல்லை அக்கா. வாசலைத்தான் பார்க்கிறேன்."

அவர் சிரித்தார். "அப்படியானால் உனக்கும் எனக்கும் கணக்குச் சரியாயிற்று" என்றார்.

நேயர்களே, பயணத் திட்டம் தீட்ட அமரும்போது, ஊரில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதத் தொடங்காதீர்கள். உடன் வருகிறவர் விரும்பிக் கேட்ட இடத்தை முதல் வரியில் எழுதுங்கள். முதல் நாள் காலையை அதற்குக் கொடுங்கள். மற்றவை பிறகு வரட்டும்.