லாண்டூர் மலையில் கற்ற இந்தி

ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா வாலிபர்கள் நம் மருத்துவமனைக்கு வந்தால் வலியைக் கையால் காட்டுவார்கள். அது எப்போது தொடங்கிற்று என்பதை எப்படிக் காட்டுவது? ஆகவே உங்கள் காணிக்கையால், செவிலியர் நாங்கள் இருவர் முசூரிக்கு மேலுள்ள லாண்டூர் மொழிப் பள்ளிக்குப் போனோம்.

இந்தி இலக்கணம் எழுதி, 1899-ல் அம்மலையிலேயே மரித்த மிஷனெரி கெல்லாக்கின் நினைவு ஆலயத்தில்தான் வகுப்பு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். குளிரில் விரல் விறைத்து எழுத்து கோணும். மாலையில் டீக்கடையில் பேசிப் பழகுவோம். (வாத்தியாரைவிட டீக்கடைக்காரருக்குப் பொறுமை அதிகம்!) 'ஜலன்' எரிச்சல், 'மரோட்' வயிற்று முறுக்கல் என்று வலிகளுக்கே ஒரு நோட்டு நிரம்பியது.

போன மாதம் ஒரு தம்பி 'மரோட்' என்றான். நேற்றிலிருந்து, இப்போது வலப்பக்கம் என்றும் சொன்னான். குடல்வால் வெடிக்குமுன் ஆபரேஷன் நடந்தது; கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒடியா மட்டும் பேசுகிறவர்களிடம் எங்களுக்கு இன்னும் கைஜாடைதான். அதற்காக ஜெபியுங்கள்.