அறுவைச் சிகிச்சைக்கும் தணிக்கை வேண்டும்
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேளுக்குறிச்சி சந்தையில் சீரகம் வாங்கினால்கூட கையில் அள்ளி, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். ஆனால் உடம்பில் கத்தி வைக்கும் இடத்தில் மட்டும் எதையும் கேட்பதில்லை. அதிலும் மார்பகப் புற்றுநோய் என்றால், கூச்சத்தில் வாயே திறப்பதில்லை.

இந்தியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். மார்பகத்தை அகற்ற நேர்ந்தால், அதைத் திரும்ப உருவாக்கும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையும் உண்டு. சிலிக்கான் இம்ப்ளான்ட் வைக்கலாம். வயிறு, முதுகுப் பகுதித் தசையை எடுத்தும் செய்யலாம். அகற்றும்போதே செய்யலாம், பிறகும் செய்யலாம். வேண்டாம் என்று இருந்துவிடுவதும் சரியான முடிவுதான். ஆனால் விவரம் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை நன்றாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இங்கிலாந்தில் 2008 முதல் தேசிய அளவில் எண்ணினார்கள். சுமார் 18,000 பெண்களின் விவரங்களைச் சேகரித்தார்கள். மருத்துவர் எழுதிய குறிப்போடு நிற்காமல், 3 மாதம் கழித்தும் 18 மாதம் கழித்தும் அந்தப் பெண்களிடமே வலி, மனநிலை, திருப்தி பற்றிக் கேட்டார்கள். உடனடியாக இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கு 3 மாதத்துக்குள் அதை எடுக்க வேண்டி வந்தது தெரிந்தது. 2012இல் வந்த வழிகாட்டுதல், இது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது.

2019இல் வெளியான இன்னோர் ஆய்வு 2,108 பெண்களைப் பார்த்தது. அப்போதும் அதே 9 சதவீதம்தான். இலக்கை எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பது அதில் கிடைத்த பாடம். அளந்து, குறையைக் கண்டு, முறையை மாற்றி, மறுபடி அளக்க வேண்டும். இந்தச் சுற்று நிற்கக் கூடாது.

தணிக்கை என்றதும் யாரையோ மாட்டிவிடுவது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. தமிழ்நாட்டில் கர்ப்ப, பிரசவ கால மரணங்களை மாவட்ட அளவில் ஆய்வு செய்கிறார்கள். எங்கே தாமதம், எங்கே ரத்தம் கிடைக்கவில்லை என்று கண்டுபிடித்து, அடுத்த தாயைக் காப்பாற்றத்தான் அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெறும் எண்ணை வைத்து மருத்துவமனையை எடை போடாதீர்கள். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உடல் பருமன், கதிர்வீச்சுச் சிகிச்சை எல்லாம் சிக்கலை அதிகரிக்கும். கடினமான நோயாளிகளை ஏற்கும் இடத்தில் எண் சற்றுக் கூடத்தான் இருக்கும்.

நாமக்கல், சேலம், கோவை, சென்னை என்று எங்கே போனாலும் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தச் சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
2. எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேருக்கு மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தது? அதைப் பதிவு செய்கிறீர்களா?
3. எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படுமா? அப்படியானால் சீரமைப்பை எப்போது செய்வது நல்லது?
4. செய்யாமல் விட்டால் என்ன?

பதில் சொல்லும் மருத்துவர் கோபப்பட மாட்டார். எண்ணி வைத்திருப்பவருக்குக் கேள்வி சுமையல்ல.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. தையல் பிரித்ததும் பலர் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. போன் எண்ணையும் மாற்றிவிடுகிறோம். குணமானவரும் சிக்கலில் தவிப்பவரும் கணக்கில் வராமல் போகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். சொன்ன தேதியில் செக்கப்புக்குப் போங்கள். மருத்துவமனையிலிருந்து அழைத்தால் உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்தப் பதில், அடுத்து மேஜையில் படுக்கப்போகும் பெண்ணுக்குப் பயன்படும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நாளில் உடன் போங்கள். கேள்வித் தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பதை அவர் கேட்கட்டும்.