தறியும் வகுப்பறையும்

(சின்னாளப்பட்டியில் நமது சங்கத்து மாணாக்கர் பரிசளிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்தரப் பாடசாலையிற் கல்வியானது துறை துறையாகப் பகுக்கப்பெற்று நடைபெறுகின்றது. பத்தாம் வகுப்பு முடியத் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் ஏற்பட்ட பின்னர், பதினோராம் வகுப்பிற் புகும் பிள்ளை கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் அடங்கிய பிரிவையோ, வணிகவியற் பிரிவையோ, தொழிற்கல்விப் பிரிவையோ, பிறிதொன்றையோ தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இப்பகுப்பு அவசியமே, ஓர் உபாத்தியாயர் எல்லாச் சாஸ்திரங்களையும் கற்பித்தல் இயலாதன்றோ? ஆயினும் இதனால் விளையும் குறை ஒன்றுண்டு. மணி அடித்ததும் கணக்குப் புத்தகம் மூடப்படுகிறது. இரசாயனப் புத்தகம் திறக்கப்படுகிறது. பிள்ளையின் மனத்திலும் ஒவ்வொரு துறையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டு விடுகின்றது. வீட்டில் அறிந்ததோ எந்தப் பெட்டியிலும் சேராமல் வெளியே கிடக்கின்றது.

நாம் நன்கறிந்த ஒரு வீட்டின் செய்தியைச் சொல்லுவோம். அவ்வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பிற் படித்தாள். எதிர் விகிதக் கணக்கில் தவறிவிட்டாள். "எனக்குப் படிப்பு ஏறாது, பெரியப்பா; தறியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்" என்று கண்ணீர் வடித்தாள். "அம்மா, நாற்பதாம் நம்பர் நூல் மெல்லியதோ, எண்பதாம் நம்பர் நூல் மெல்லியதோ?" என்று வினவினோம். "எண்பதுதான், நம்பர் ஏற ஏற நூல் மெலியும்" என்று நொடியில் விடை தந்தாள். அதுவே எதிர் விகிதம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை! 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது நாற்பதாம் நம்பர்; அதன் நீளம் 33,600 கஜம். எண்பதாம் நம்பராயின் அதே நிறையில் நீளம் இரட்டிக்கும். அதே நீளத்திற்கு நிறை பாதியாகும். அங்குலத்திற்கு 60 இழை வீதம் 46 அங்குல அகலத்திற்கு 2,760 இழை வேண்டுமென்று பாவோடும்போதே மனத்திற் கணிக்கும் வீட்டிற் பிறந்தவள், கணிதம் வராதவள் ஆவாளோ? அறிவு குறைந்ததன்று, வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இடையே பாலம் இல்லாமையே குறை.

ஒரு தறியைச் சுற்றி எல்லாத் துறைகளும் நிற்றலைக் காண்மின். அவுரி நீலம் நீரிற் கரையாது. சாயத் தொட்டியில் ஒடுக்கம் அடைந்தபோதுதான் கரைந்து நூலில் ஏறும். வெளியே எடுத்துக் காற்றுப் படவே ஆக்ஸிஜனேற்றம் நிகழ்ந்து மீண்டும் நீலமாகும். இஃது இரசாயனம். மிதியை அழுத்த விழுது எழுவதும், எறிந்த நாடா மறுகரை சேர்வதும் பௌதிகம். பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளால் தறிக்குப் பூவேலை கற்பித்தார். அத்துளை அட்டைகளே பிற்காலத்தில் கணிப்பொறிக்கும் வழிகாட்டின. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் எழுந்த சுதேசி இயக்கத்தின் நினைவாகவே 2015 முதல் அந்நாள் கைத்தறி தினமாகக் கொண்டாடப்பெறுகின்றது, இது சரித்திரம். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் வரவு செலவை ஆராயின் வணிகவியல் விளங்கும். தமிழையும் விட்டோமில்லை. இழைக்கும் ஏட்டிற்கும் நம்மொழி ஒரே பெயராக 'நூல்' என்று வழங்குகின்றது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உருவகித்து அப்பெயர்க்குக் காரணம் காட்டியுள்ளார்.

கைத்தொழிலை நடுவாக வைத்துப் பாடங்களைக் கற்பித்தல் புதுக் கொள்கையன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வி இதுவே. நம்மூரை அடுத்து, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் நிறுவிய காந்திகிராமமும் அந்நெறியிற் கிளைத்ததே.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 1953-இல் இராஜாஜி அவர்களின் ஆட்சியில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பொழுது பள்ளியிலும் மீதிப்பொழுது பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டுமென ஒரு திட்டம் வந்தது. 'குலக்கல்வி' என்று நாடு அதனை எதிர்த்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பின் நியாயத்தை நாம் மறத்தலாகாது. தறியைக் கொண்டு கல்வியை விளக்குதல் வேறு. தறியிலே பிள்ளையைக் கட்டிப்போடுதல் வேறு. முன்னது கதவைத் திறப்பது, பின்னது அடைப்பது. தறியை நன்கறிந்த பிள்ளை வைத்தியராகலாம், பொறியியல் வல்லுநராகலாம், விரும்பினால் நெசவாளராகவும் ஆகலாம். தெரிவு அப்பிள்ளையினுடையதாதல் வேண்டும்.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகிறோம். பெற்றோரே! கூலி குறைந்த மாதத்திற் பிள்ளையின் கையைத் தறிக்கு இழுக்கத் தோன்றும். அவ்வறுமையை நாமும் அறிவோம். ஆயினும் பாடம் படிக்கும் வேளையில் தார் சுற்றச் சொல்லாதிருங்கள். பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தாதிருங்கள். உபாத்தியாயர்களே! ஆண்டில் ஒரு முறையேனும் முதிய நெசவாளர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்து, அவர் சொல்லும் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். தந்தையின் அறிவு கரும்பலகையில் ஏறக் கண்ட பிள்ளை தலை நிமிர்ந்து உட்காரும். மாணாக்கர்களே! புரியாத பாடத்தை உருப்போடுமுன், அது வீட்டில் எவ்விடத்தில் இருக்கின்றதென்று தேடிப் பாருங்கள்.

அந்தப் பெண் இப்பொழுது பதினோராம் வகுப்பில், கணிதப் பிரிவில் இருக்கின்றாள். தன் விருப்பத்தால் தெரிந்துகொண்ட பிரிவு அது. இன்று பரிசு பெறும் ஒவ்வொருவரும் அவ்வாறே தத்தம் வழியைத் தாமே தெரிந்து முன்னேறுவாராக!