சாலைக்குப் பொறுப்பு யார்?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாலை, அவசர சிகிச்சை, வட்டார வளர்ச்சி. இன்றைய உரை இந்த மூன்றையும் பற்றியது. அரசாங்கக் கணக்கில் இவை வெவ்வேறு இலாகாக்களின் வேலை. தாமானில் குடியிருப்பவருக்கோ மூன்றும் ஒரே பிரச்சினை. சாலை குண்டும் குழியுமாக இருந்தால் ஆம்புலன்ஸ் தாமதமாகும். ஆம்புலன்ஸ் தாமதமானால் பிழைத்திருக்க வேண்டிய உயிர் போய்விடும். சாலையைச் செப்பனிட வைக்கவும் ஆம்புலன்ஸுக்கு வழி விட வைக்கவும் ஒரு தலைவர் வேண்டும்.

தலைவர்களுக்கு நம்மிடையே பஞ்சம் இல்லை. ஆலயத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், குடியிருப்பாளர் சங்கத் தலைவர், இளைஞர் மன்றத் தலைவர் என்று ஒரே தாமானில் பத்துப் பேரைக் காட்டலாம். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர் என்ற பொறுப்பும் உண்டு. நகராண்மைக் கழகங்களில் நம்மவர்கள் உறுப்பினர்களாக அமர்ந்திருக்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும், வீட்டு வாசலில் உள்ள குழி இரண்டு தீபாவளியைக் கண்ட பிறகும் மூடப்படாமல் கிடக்கிறதே, ஏன்?

எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. காரணம் பெரும்பாலும் இதுதான்.

முன்னோர் காட்டிய வழி

ஊராட்சியில் நம்மவர்களின் பங்கு இன்று நேற்று தொடங்கியது அல்ல. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1957 ஜனவரி முதல் நாளன்று ஜார்ஜ் டவுன் மாநகரானது. அதன் மேயராகப் பதவி வகித்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது. அன்றைய நகராண்மை உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரவேண்டும். தெரு விளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது என்றால் அடுத்த தேர்தலில் பதில் சொல்லவேண்டும்.

இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வேண்டும் என்பது 1968இல் முடிவடைந்த அந்த அறிக்கையின் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநிறுத்தியது. பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீண்டும் கொண்டுவர முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது.

ஆக, இன்றைய நகராண்மைக் கழக உறுப்பினர் ஓட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. அதனால்தான் கேள்வி கேட்கும் வேலை குடியிருப்பாளர் தலையில் கூடுதலாக விழுகிறது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரிந்து கேட்டால்தான் பலன் கிடைக்கும்.

ஒரு சாலை, நான்கு பொறுப்பாளர்கள்

மலேசியாவில் எல்லாச் சாலையும் ஒரே இலாகாவின் கீழ் இல்லை. வெறும் எண் மட்டும் கொண்டது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை. பேராக்குக்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே'. இவ்விரு வகைச் சாலைகளையும் தீபகற்பத்தில் பெரும்பாலும் பொதுப்பணி இலாகா கவனிக்கிறது. ('ஈ' எழுத்தில் தொடங்கும் விரைவுச் சாலைகளின் கணக்கு வேறு.) தாமானுக்குள் இருக்கும் ஜாலானும் லோரோங்கும் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. நான்காவது வகை தனியார் சாலை. தோட்டத்துச் சாலைகளும், மேம்பாட்டு நிறுவனம் இன்னும் ஒப்படைக்காத தாமான் சாலைகளும் இதில் அடங்கும்.

நம் மக்கள் அதிகம் அவதிப்படுவது இந்த நான்காவது வகையில்தான். நகராண்மைக் கழகத்திடம் போனால், சாலை இன்னும் தங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று பதில் வரும். மேம்பாட்டு நிறுவனமோ தன் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும். தோட்டம் கைமாறிவிட்டால் யாரிடம் கேட்பதென்றே தெரியாது. ஆண்டுகள் ஓடும். குழிதான் ஆழமாகும்.

இங்கே 'மாரிஸ்' என்ற ஒரு பெயரைத் தலைவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது சாலைகளின் பதிவேடு. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது அட்டவணைப்படி, மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் சாலைப் பராமரிப்பு மானியம் கொடுக்கப்படுகிறது. பராமரிக்க ஆகும் சராசரிச் செலவையும், தகுதி பெற்ற சாலைகளின் நீளத்தையும் கொண்டு அந்தத் தொகை கணக்கிடப்படுகிறது. பதிவேட்டில் ஏறிய சாலைக்குப் பணம் வரும். ஏறாத சாலை, அதில் தினமும் பள்ளிப் பேருந்தே ஓடினாலும், அந்தக் கணக்கில் இல்லாத சாலைதான்.

ஆகவே, "குழியை மூடுங்கள்" என்று மட்டும் மனுக் கொடுப்பது பாதி வேலை. "இந்தச் சாலை மாரிஸ் பதிவில் இருக்கிறதா? இல்லையென்றால் என்ன குறைகிறது? நில ஒதுக்கீடா, அகலமா, ஒப்படைப்புக் கடிதமா?" என்று எழுத்தில் கேட்டால், பதிலும் எழுத்தில் வரவேண்டும். குறை நில ஒதுக்கீட்டில் என்றால் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஒப்படைப்பில் என்றால் மேம்பாட்டு நிறுவனத்தையும் நகராண்மைக் கழகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கவேண்டும். ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. சட்டமன்ற உறுப்பினரும் ஆட்சியும் மாறினாலும், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் போய்வருகிற ஒருவர் வேண்டும்.

குழி ஏன் மீண்டும் மீண்டும் விழுகிறது என்பதையும் தலைவர்கள் அறிந்திருப்பது நல்லது. கனமான லாரிகள் ஒரு காரணம். பெரிய எதிரி தண்ணீர். தாரில் விழும் சிறு வெடிப்பு வழியே மழைநீர் இறங்கி, அடியில் உள்ள கல்லையும் மண்ணையும் இளக்கிவிடும். மேலே சக்கரம் ஏறி இறங்க, தார் உடைந்து பெயரும். ஓரத்துக் கால்வாய் அடைத்திருந்தால் சாலை நாள் முழுதும் நீரில் ஊறும். கால்வாயைத் தூர்வாராமல் குழிக்கு மட்டும் தார் ஊற்றினால், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் குழி விழும். மனுவில் சாலையோடு கால்வாயையும் சேர்த்து எழுதவேண்டும்.

இதில் அலட்சியம் கூடாது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாள்வோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். காருக்குக் குலுக்கலாகத் தெரிகிற குழி, மழை இரவில் வேலை முடிந்து வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு எமனாகிவிடும்.

டிரெசர் இல்லாத காலம்

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கு டிரெசரை மறக்க முடியாது. பாம்பு கடித்தாலும், கத்தி வெட்டினாலும், நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மருந்து குறைவாக இருக்கலாம். ஆனால் நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆள் இருந்தார். எந்த லயத்தில், எத்தனையாவது வீட்டில் யார் இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும்.

1980, 1990ஆம் ஆண்டுகளில் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். டிரெசர் இருந்த இடத்தில் இன்று 999 என்ற எண் இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஓர் எண்தான். ஆனால், எதிர்முனையில் பேசுபவருக்கு நம் தாமானைத் தெரியாது. "கோயில் பக்கத்தில், மாமரம் இருக்கிற வீடு" என்றால் அவரால் ஆம்புலன்ஸை அனுப்ப முடியாது. வீட்டு எண், ஜாலான் பெயர், தாமான் பெயர், நகரம், அருகிலுள்ள பெரிய அடையாளம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதி வரவேற்பறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்த அட்டை கைகொடுக்கும்.

இருதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடத்தில் மிஞ்சுவது மிகக் குறைவு. எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் அதற்குள் எல்லா வீட்டுக்கும் வந்து சேர முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் மருத்துவர். மார்பின் நடுவில் கைகளை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்தவேண்டும். ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய பயிற்சி இது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவி கற்றுத் தருகின்றன. ஆலய மண்டபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்பாடு செய்தால், ஒவ்வொரு லோரோங்கிலும் பயிற்சி பெற்ற இருவராவது இருப்பார்கள்.

பக்கவாதமும் அப்படித்தான். முகம் ஒருபுறம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றத் தகுந்தவர்களுக்கும், அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து நேரத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். நீரிழிவு இருதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் வாசலைத் திறந்துவிடும். இந்த அக்கறை நமக்குக் கூடுதலாகவே தேவை.

ஆம்புலன்ஸ் தாமானுக்குள் நுழைந்த பிறகும் தடைகள் இருக்கின்றன. லோரோங்கின் இருபுறமும் நிற்கும் கார்கள், பாதுகாப்புக்கென்று பூட்டிய இரும்புக் கதவு, திருமணப் பந்தல், எரியாத தெரு விளக்கு, விழுந்துபோன பெயர்ப் பலகை. இவற்றில் பாதியைச் சரிசெய்ய அரசாங்கப் பணம் ஒரு காசுகூடத் தேவையில்லை. குடியிருப்பாளர் சங்கம் ஒரு கூட்டம் போட்டு, பூட்டின் சாவி யாரிடம் இருக்கும், காரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவு செய்தால் போதும்.

வரைபடத்தில் இடம் பிடிப்பது

மூன்றாவது, வட்டார வளர்ச்சி. ஒரு வட்டாரம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கவேண்டும் என்பதை உள்ளூர்த் திட்ட வரைவு முடிவு செய்கிறது. எங்கே சாலை அகலமாகும், எங்கே கிளினிக் வரும், எந்த நிலம் பள்ளிக்கு, எந்த நிலம் வழிபாட்டுக்கு, எது மயானத்துக்கு என்பதெல்லாம் அதில் இடம்பெறும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, இந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும். அந்த நேரத்தில் நம் தலைவர்கள் எத்தனை பேர் அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்க்கிறார்கள்? ஆலயம் அகற்றப்படும் நாளில் திரளும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த நாள்களில் போயிருந்தால், சில கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

ஊராட்சி மன்றச் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. மதிப்பீட்டு வரி கட்டும் எவரும் கேட்டு அனுமதி பெற்றுப் போய் உட்காரலாம். தம் வட்டாரத்தின் உறுப்பினர் அங்கே பேசுகிறாரா, பேசாமல் இருக்கிறாரா என்பதை நேரில் காணலாம்.

நேயர்களே, அடுத்த முறை சங்கத்துக்கோ ஆலயத்துக்கோ நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்வரிசையில் இருப்பவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் தாமானில் எத்தனை சாலைகள் மாரிஸ் பதிவில் உள்ளன? நம் லோரோங்கில் முதலுதவி தெரிந்தவர்கள் யார் யார்? உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் நம் பள்ளிக்கும் ஆலயத்துக்கும் என்ன குறித்திருக்கிறார்கள்?

பதில் தெரிந்தவருக்கு மாலை போடுங்கள். தெரியாதவர், "ஒரு மாதம் கொடுங்கள், தெரிந்துகொண்டு வருகிறேன்" என்று சொன்னால் அவருக்கும் ஓட்டுப் போடலாம். தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்பவரை வீட்டிலேயே ஓய்வெடுக்க விடுங்கள்.