இருபது ரூபாய்ச் சாப்பாடு

கைத்தறிக்குப் பேர்போன கேரள ஊர் பாலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த தொழில் அது. அங்கிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வரை நெசவாளர்களும் தினக்கூலிக்காரர்களும் நிறைந்த ஊர்கள்தான். கூலி குறைவு; தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக வரும் காய்கறியின் விலையோ நாளுக்கு நாள் மாறும். இவர்களுக்கு மதியம் ஒரு வேளை நல்ல சாப்பாடு எப்படிக் கிடைக்கும்?

இதற்குக் கேரளம் 2020-இல் ஒரு வழி கண்டது. அதுதான் ஜனகீய ஹோட்டல், அதாவது மக்கள் உணவகம். உள்ளாட்சிகள் இடம் கொடுத்தன. குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் சமைத்தார்கள். மாநில அரசின் வழங்கல் நிறுவனமான சப்ளைகோ கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு அரிசி தந்தது. சோறு, குழம்பு, துவரன், ஊறுகாய் எல்லாம் சேர்த்து 20 ரூபாய். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. கொரோனா முடக்கத்தில் பசித்தவர்களுக்கு இந்த அடுக்களைகளே கைகொடுத்தன. மாநிலமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் எழுந்தன.

2023 ஆகஸ்டில் மானியம் நின்றது.

விலை 30 ரூபாயானது. ஏற்கெனவே மானியப் பாக்கியால் திணறிய பல கடைகள் மேலும் தடுமாறின. நல்ல உணவு ஏழைக்கு எட்ட வேண்டுமென்றால், சமைக்கும் பெண்களின் உழைப்புக்கும் உரிய கூலி, உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். அந்தச் செலவை அரசு ஏற்பதே நியாயம்.

உங்கள் பக்கத்தில் இப்படியொரு கடை இருந்தால், இன்று மதியம் அங்கே சாப்பிடுங்கள்.