நிலத்தடியில் ஓடும் நீராவி

நியூயோர்க் நகரின் மன்ஹற்றன் பகுதியிலே, குளிர்காலத்துக் காலை வேளைகளில் வீதியின் நடுவே வெண்புகை போன்ற ஒன்று எழுவதைக் காணலாம். புதிதாய் வருவோர் நிலத்தின் கீழ் நெருப்புப் பற்றியதோ என அஞ்சுவர். அது புகையன்று. வீதியின் அடியிற் செல்லும் சூடான குழாய்களின்மீது மழைநீரோ கசிவுநீரோ படும்போது எழும் ஆவியே அது. சில வேளைகளில் அக்குழாய்களிலிருந்தே கசியும் நீராவியாகவும் இருக்கும்.

முற்காலத்தில் அந்நகரின் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனித்தனியே கொதிகலன் வேண்டியிருந்தது. நிலக்கரி சுமப்பதும், சாம்பல் அள்ளுவதும், புகைபோக்கியின் கரியைச் சகிப்பதும் ஒவ்வொருவரதும் பாடாயின. ஒரே இடத்தில் நீரைக் கொதிக்கவைத்து, நீராவியைக் குழாய்வழியே பலருக்கும் பங்கிட்டால் என்ன என்று சிந்தித்தவர் பேர்ட்சில் ஹொலி என்னும் அமெரிக்கர். 1877ஆம் ஆண்டில் லொக்போர்ட் என்னும் ஊரில் அவர் இதனைச் செய்து காட்டினார். 1882இல் மன்ஹற்றனின் தென்பகுதியில் நீராவி விநியோகம் தொடங்கிற்று. இன்று அங்கு நிலத்தடிக் குழாய்கள் நூறு மைலுக்கு மேல் நீண்டு செல்கின்றன.

சுடுநீரை அனுப்பாது நீராவியை அனுப்புவதேன்? ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீரை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். மறைவெப்பம் எனப்படும் இதனை ஆவி தன்னுள் அடக்கிச் சென்று, கட்டிடத்தினுள் மீண்டும் நீராகும்போது வெளிவிடுகின்றது. மேலும், நீராவி தன் அமுக்கத்தாலேயே செல்வதால், வானளாவிய மாடிகளுக்கும் அதனை ஏற்றப் பம்பிகள் வேண்டுவதில்லை. அறைகளைச் சூடாக்குவதோடு, மருத்துவமனைகளிற் கருவிகளைக் கிருமிநீக்கவும், கோடையிற் குளிரூட்டும் பொறிகளை இயக்கவும் அது பயன்படுகின்றது.

ஆயினும், இம்முறையின் பெரும்பகை நீரே. ஆவி செல்லும் வழியிற் சிறிது குளிர்ந்தாலும் குழாயின் அடியில் நீர் தேங்கும். அந்நீரிடையே சிக்கிய ஆவி திடீரென ஒடுங்கினால் அங்கு வெற்றிடம் உண்டாகும். அதனை நிரப்பச் சுற்றியுள்ள நீர் பாய்ந்து மோதும் வேகம் சம்மட்டி அடி போன்றது. இரும்புக் குழாயையும் பிளக்க வல்லது. ஆதலால், நீரை மட்டும் வெளியேவிட்டு ஆவியை உள்ளே தடுத்து நிறுத்தும் வடிகருவிகளைக் குழாய் நெடுகிலும் பொருத்தியுள்ளனர்.

2007ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள், லெக்சிங்ரன் பெருந்தெருவில் 1924இல் இடப்பட்ட குழாயொன்று வெடித்தது. வீதியிற் பெரும் பள்ளம் விழுந்தது. சேறும் ஆவியும் வானளாவ எழுந்தன. ஒருவர் உயிர் துறந்தார், பலர் காயமுற்றனர். குழாயின் முதுமையே காரணமென முதலிற் பலர் எண்ணினர். ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. முன்னர் ஒரு கசிவை அடைக்கப் பயன்படுத்திய பசையின் எச்சம் உள்ளே சென்று வடிகருவிகளை அடைத்திருந்தது. அன்று பெய்த பெருமழை குழாயைக் குளிர்விக்க, உள்ளே சேர்ந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. பின்னர் விழுந்தது அந்தச் சம்மட்டி அடியே.

ஆகவே, நூறு மைல் குழாயைக் காப்பது அதன் இரும்பின் தடிப்பு மட்டுமன்று. ஒரு கசிவை அடைப்போர், அடைத்ததோடு தம் வேலை முடிந்ததென எண்ணாது, அண்மையிலுள்ள வடிகருவியையும் திறந்து பார்த்தல் வேண்டும். மேலே நடந்து செல்லும் மக்களின் உயிர் அந்தச் சிறு கருவியிலும் தங்கியுள்ளது.