பாங்காக் நகரில் ஒரு மஞ்சள் கொடி



வேலையின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று கீழை நாடுகளுக்குச் செல்கின்றனர். விடைகொடுத்து அனுப்பும் தாயின் மனத்தில் எழும் முதற்கேள்வி, ‘அங்கே என் பிள்ளை என்ன உண்பான்?’ என்பதே. ஒரு பெருநகரை எடுத்துக்கொண்டு அக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். அந்நகரம் தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்.

தாய்லாந்து பௌத்த நாடு. எனவே அங்கே புலால் தவிர்ப்பது எளிது என்று எண்ணிச் செல்வோர் பலர். உண்மை வேறு. அந்நாட்டில் வழங்குவது தேரவாத பௌத்தம். தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சி பிச்சையில் விழுந்தால், அதைத் துறவி ஏற்கலாம் என்பது அந்நெறியின் விதி. ஆகவே மக்களிடையே புலால் உணவு பரவலாக உள்ளது.

அங்கே சென்று இறங்கும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போர்க்கு இடர் எங்கே என்பது புலப்படும். தெருவோரக் கடையில் வள்ளைக்கீரையைக் காட்டி, ‘இறைச்சி வேண்டா’ என்கிறார். கடைக்காரரும் முகமலர்ச்சியுடன் கீரையை மட்டுமே வதக்கித் தருகிறார். தட்டில் இறைச்சித் துண்டு ஒன்றும் இல்லை. ஆயினும் அக்கீரையில் ‘நம்ப்ளா’ என்னும் மீன்சாறும் சிப்பிக் குழம்பும் கலந்திருக்கும். தாய் மொழியில் ‘நம்’ என்றால் நீர், ‘ப்ளா’ என்றால் மீன். நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டுப் பல மாதம் ஊறவைத்து வடித்த நீர் அது. கடைக்காரர் வஞ்சிக்கவில்லை. தமிழ் வீட்டில் ‘என்ன சமையல்?’ என்று கேட்டால் உப்பை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. அவருக்கு மீன்சாறு அத்தகையது.

இவ்வாறு மறைந்து நிற்பவை இன்னும் சில. குழம்புகளுக்கு அரைக்கும் விழுதில் ‘கபி’ என்னும் இறால் விழுது சேரும். பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் ‘சோம் தம்’ என்பதில் உலர்ந்த இறாலும் மீன்சாறும் இடம்பெறும். சேமியா மிதக்கும் சாறு பெரும்பாலும் எலும்பை வேகவைத்து எடுத்ததாக இருக்கும். ‘பமி’ என்னும் மஞ்சள் நிறச் சேமியா முட்டை கலந்தது. ‘தாவ்ஹு கை’ என்று ஒரு வகைச் சோயாக் கட்டி உண்டு. பார்வைக்கு மென்மையான பிற சோயாக் கட்டி போலவே இருக்கும்; அதிலும் முட்டை உண்டு.

இவற்றுக்கெல்லாம் காப்பாக அந்நாட்டு மொழியிலேயே இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘மங்சவிரத்’. மாம்சம், விரதி என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை அது; ஊனிலிருந்து விலகுதல் என்பது பொருள். விரதம் என்னும் சொல்லை நாளும் வழங்கும் செவிக்கு அது அயல்மொழியாக ஒலிக்காது. ஆனால் இச்சொல்லைக் கேட்டுச் சமைப்பவர் முட்டையும் பாலும் பூண்டும் சேர்க்கக்கூடும்.

மற்றொன்று ‘ஜே’. சீனமொழியில் நோன்புணவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இது முன்னதினும் கடுமையானது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய அனைத்தும் விலக்கு. அவற்றோடு காரமணம் மிக்க ஐந்தும் விலக்கு. அவை பூண்டு, வெங்காயம், அதன் இனமாகிய ஒரு சிறுபூண்டு, பூண்டு மணமுள்ள ஒருவகைத் தாள், புகையிலை என்பன. பூண்டும் வெங்காயமும் மனத்தைக் கிளர்த்தும் என்று விலக்கும் நெறி, கடல் கடந்து வேறொரு மக்களிடமும் வேரூன்றியிருப்பது எண்ணத்தக்கது.

ஜே உணவு விற்கும் கடையில் மஞ்சள் கொடி கட்டியிருக்கும். அதில் சிவப்பு நிறத்தில் எழுதியிருக்கும் தாய் எழுத்து, புதிதாகக் காண்போருக்கு 17 என்னும் எண்ணைப் போலத் தோன்றும். மொழி அறியாதவரும் இவ்வொரு குறியைக் கண்டு கடையை அறிந்துகொள்ளலாம்.

சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்கள் ஜே நோன்புக் காலம். பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் வரும். பல ஆண்டுகளில் நவராத்திரியும் இதுவும் ஒரே நாள்களில் அமைகின்றன. அப்பொழுது யாவோராத் என்னும் சீனர் வீதி முழுவதும் மஞ்சள் கொடிகளால் நிறைந்துவிடும். 1871இல் நிறுவப்பட்ட வாட் மங்கோன் கோயிலைச் சுற்றி ஜே உணவுக் கடைகள் வரிசையாக அமையும். தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் சீலோம் வீதியில் உள்ளது. அவ்வட்டாரத்தில் இந்திய உணவகங்களும் உண்டு.

பாங்காக்கில் ‘சாந்தி அசோக்’ என்னும் பௌத்தக் குழுவினர் புலால் முற்றும் தவிர்ப்பவர்கள். அக்குழுவின் துறவிகள் தம் பெயருக்கு முன் ‘சமண’ என்னும் பட்டத்தை இட்டுக்கொள்கின்றனர். அந்நெறியைப் பின்பற்றிய சம்லோங் ஸ்ரீமுவாங் 1985இல் பாங்காக்கின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாளொன்றுக்கு ஒருவேளை சைவ உணவே உண்பவர் என்று நாடறிந்தவர். பெருநகரின் ஆட்சிப் பொறுப்பும் உணவு நோன்பும் ஒருவரிடம் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

ஆயினும் ஜே என்னும் சொல் சமண நோன்பு முழுவதையும் காக்காது. முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, உருளைக்கிழங்கு, காளான் ஆகியவை ஜே உணவில் தாராளமாக இடம்பெறும். குழம்பிலும் சாற்றிலும் இஞ்சியும் பேரரத்தையும் சேரும். கிழங்கு விலக்குவோர் மேலும் ஒரு தொடரைக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘மாய் சாய்’ என்றால் ‘சேர்க்க வேண்டா’ என்று பொருள். ‘மாய் சாய் ஹெட்’ என்றால் காளான் வேண்டா. ‘மாய் சாய் மன் ஃபராங்’ என்றால் உருளைக்கிழங்கு வேண்டா. இறுதியில் ஆண்கள் ‘க்ரப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்த்தால் அது பணிவான வேண்டுகோளாகும். இத்தொடர்களைத் தாய் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிவைத்துக் காட்டுவது இன்னும் நன்று.

இரவு உண்ணாதோர்க்கும் வழி உண்டு. ஜே சோற்றுக் கடைகள் பல காலையிலேயே சமைத்து வைத்துப் பிற்பகலுக்குள் விற்று முடிப்பவை. எனவே நண்பகலில் நிறைவாக உண்டு, கதிரவன் மறையுமுன் பழங்களோடு முடித்துக்கொள்ளலாம். மாம்பழமும் தேங்காய்ப்பாலில் தோய்த்த பசையரிசிச் சோறும் சேர்ந்த இனிப்பு, புலால் கலவாத உணவு. பாசிப்பயற்று மாவில் செய்யும் ‘வுன்சென்’ என்னும் கண்ணாடிச் சேமியாவும் அத்தகையதே. அதில் ஊற்றும் சாறு எதுவென்று மட்டும் கேட்டறிய வேண்டும்.

இனி, இவற்றினும் முதன்மையான ஒன்று. இத்தனை விழிப்பிருந்தும் ஒருநாள் பிழை நேரலாம். பாதி உண்டபின் அதில் மீன்சாறு இருப்பது தெரியவரலாம். அந்த வேளையில்தான் இளைஞர் பலர் தளர்கின்றனர். ‘நோன்பு கெட்டுவிட்டது, இனிக் காத்து என்ன பயன்?’ என்று எண்ணி, மறுநாள் முதல் கேட்பதையே விட்டுவிடுகின்றனர். அவர்களை நோன்பிலிருந்து பிரிப்பது அந்த ஒருவேளை உணவன்று. அதன்பின் வரும் அச்சோர்வே. அறியாமல் நேர்ந்ததை அறிந்த கணத்தில் தட்டை நகர்த்திவைத்து, பிழையை உணர்ந்து வருந்தி, அடுத்த வேளை முன்னினும் தெளிவாகக் கேட்பதே நோன்பாளர்க்கு உரியது. கேட்க வெட்கப்படுபவரே இழக்கிறார்.

வீட்டில் இருப்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தொலைபேசியில் பிள்ளை இத்தகைய பிழையைச் சொல்லும்பொழுது கடிந்துகொண்டால், மறுமுறை அவன் சொல்லமாட்டான். பொறுமையுடன் கேட்டு, ‘நாளை எப்படிக் கேட்கப் போகிறாய்?’ என்று வினவும் தாய், ஆயிரம் கல் தொலைவிலிருந்தும் அவனுடைய நோன்பைக் காக்கிறாள்.

பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைக்கும்பொழுது, தாய் எழுத்தில் எழுதிய அச்சீட்டையும் சேர்த்து வைப்பார்களாக. வாழ்க அறம்! வளர்க அருள்!